ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு 11 ஸ்டேட் எதற்கு?

கேள்வி சுருக்கமாக இது. போர்வெல் மோட்டாருக்கு ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்ன கண்ட்ரோலர் போர்டை வைத்து ஆட்டோ ஸ்டார்ட்டர் செய்கிறீர்கள். முதலில் டிலே(), அதாவது சொன்ன நேரம் வரை புரோகிராமையே நிறுத்தி வைக்கிற ஃபங்ஷன், போட்டு எழுதினீர்கள், அது காத்திருக்கிற 8 விநாடியில் ஸ்டாப் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டேட் மெஷினாக, அதாவது 'இப்போது எந்த நிலையில் இருக்கிறேன்' என்று ஓர் எண் வைத்துக்கொண்டு நிலை நிலையாக நகர்கிற நிரலாக, மாற்றச் சொன்னார்கள், மாற்றினீர்கள். இப்போது 11 ஸ்டேட், ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர வேரியபிள், நடுவில் ஒரு படியைச் சேர்த்தால் வேறு எங்கோ உடைகிறது. இதற்கு வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் வேலையில் முக்கால்வாசி ஸ்டேட் மெஷினே தேவைப்படாத வேலை. மோட்டாரை ஸ்டார்ட் செய்வது என்பது ஒன்றன் பின் ஒன்றாக, இடையில் இவ்வளவு நேரம் விட்டு நடக்க வேண்டிய ஒரு வரிசை. அதை வரிசையாகவே எழுதலாம். டிலே() போட்டு எழுதியது போலவே மேலிருந்து கீழே படிக்கலாம், ஆனால் காத்திருக்கும் நேரத்தில் புரோகிராம் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டாப், ஓவர்லோடு, பேஸ் போவது போன்ற 'எப்போது வேண்டுமானாலும் வரலாம்' ரகச் சங்கதிகளை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். அந்த இடத்துக்கு மூன்று ஸ்டேட் உள்ள ஒரு சின்ன ஸ்டேட் மெஷின் போதும்.

ஸ்டார்ட்டர் செய்கிற வேலையைப் பார்ப்போம். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் வைண்டிங்குகளை இணைக்கிற இரண்டு விதம். மூன்று காண்டாக்டர் (காயில் இழுத்தால் மூடுகிற பெரிய ஸ்விட்ச்): மெயின், ஸ்டார், டெல்டா. முதலில் ஸ்டாரில் இணைத்து ஓடவிட்டால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைக்கிற வோல்டேஜ் சுமார் 58 சதவீதம்தான், லைனில் இழுக்கிற கரண்ட் நேரடியாக ஸ்டார்ட் செய்வதில் மூன்றில் ஒரு பங்கு. மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டாரை விட்டுவிட்டு டெல்டாவுக்கு மாற வேண்டும். இந்த மாற்றத்தில்தான் ஆபத்து. ஸ்டார் முழுதாகத் திறப்பதற்குள் டெல்டா மூடினால் மூன்று பேஸும் நேராக ஷார்ட் ஆகும். அதனால் நடுவில் 50 முதல் 100 மில்லிசெகண்ட் வரை ஓர் இடைவெளி விடுவார்கள், காண்டாக்டரில் எழும் ஆர்க் அணைவதற்கு.

இதையே எழுத்தில் வைத்தால்:

ஸ்டார் ஆன்
மெயின் ஆன்
8 விநாடி காத்திரு
ஸ்டார் ஆஃப்
80 மில்லிசெகண்ட் காத்திரு
டெல்டா ஆன்

ஆறு வரி. பேனல் வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியனிடம் காட்டினாலும் சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். இதே வேலையை சி மொழியின் ஸ்விட்ச்-கேஸில் ஸ்டேட் மெஷினாக எழுதினால் இந்த ஆறு வரியும் சிதறிப் போகிறது. 'ஸ்டாரில் ஓடுகிறது' என்று ஒரு ஸ்டேட், 'இடைவெளியில் இருக்கிறது' என்று இன்னொன்று, ஒவ்வொன்றிலும் 'நேரம் ஆகிவிட்டதா, ஆகியிருந்தால் அடுத்த ஸ்டேட் எண்ணைப் போடு, தொடக்க நேரத்தைத் திரும்பக் குறித்துக்கொள்' என்கிற அதே மூன்று வரி. எது எதற்கு அடுத்து வருகிறது என்பது எந்த ஓர் இடத்திலும் எழுதப்பட்டிருக்காது, எண்களைத் துரத்திக்கொண்டு போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்க நேரத்தைத் திரும்பக் குறிக்க ஒரே ஓர் இடத்தில் மறந்தால் போதும், அந்த ஸ்டேட்டுக்குள் போன மறுகணமே வெளியே வந்துவிடும். இடைவெளி ஸ்டேட்டில் அது நடந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

ஸ்டேட் என்று நீங்கள் எண் போட்டு வைத்திருப்பது உண்மையில் 'நான் எத்தனையாவது வரியில் நிற்கிறேன்' என்பதைத்தான். அதைக் கணக்கு வைக்கிற வேலையை நீங்கள் கையால் செய்ய வேண்டியதில்லை. ஃபங்ஷன் நடுவில் நின்று, கட்டுப்பாட்டை வெளியே கொடுத்துவிட்டு, அடுத்த முறை கூப்பிடும்போது நின்ற இடத்திலிருந்தே தொடர முடிந்தால் வேலை முடிந்தது. இதன் பெயர் கோரூட்டீன். புதுச் சரக்கு இல்லை, மெல்வின் கான்வே 1963இல் கோபால் கம்பைலர் ஒன்றைப் பற்றிய கட்டுரையிலேயே இதை விளக்கிவிட்டார்.

ஊனோவில் (ஆர்3 வரையிலான போர்டுகளில்) இருப்பது 2 கிலோபைட் ராம். அதில் கோரூட்டீன் எல்லாம் நடக்குமா என்றால், நடக்கும். ஆடம் டங்கெல்ஸ் என்கிற ஸ்வீடன்காரர் இதற்காகவே புரோட்டோத்ரெட்ஸ் என்று ஒன்றைச் செய்தார். கான்டிகி என்கிற சென்சார் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிப்படையே அதுதான். ஒரு புரோட்டோத்ரெட்டுக்குத் தேவை இரண்டே பைட், தனி ஸ்டாக் கிடையாது. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: சி மொழியில் ஸ்விட்சின் கேஸ் லேபிளை ஒரு லூப்புக்கு நடுவிலும் வைக்கலாம், மொழி அதைத் தடுக்காது. காத்திரு என்று நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் மேக்ரோ அந்த வரியின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ரிட்டர்ன் ஆகிவிடும், அடுத்த முறை கூப்பிடும்போது ஸ்விட்ச் நேராக அந்த வரிக்கே குதிக்கும். அதாவது கம்பைலர் கண்ணுக்கு அது ஸ்டேட் மெஷின்தான், உங்கள் கண்ணுக்கு மட்டும் வரிசை. சில சின்ன ஹெடர் ஃபைல்கள்தான், ஆர்டுயினோவில் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஒன்று, காத்திருந்து திரும்பி வரும்போது ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிள்கள் போயிருக்கும், ஏனென்றால் உண்மையில் நீங்கள் ரிட்டர்ன் ஆகித் திரும்ப நுழைகிறீர்கள். காத்திருப்பைத் தாண்டி வாழ வேண்டிய எதுவும் ஸ்டாட்டிக்காகவோ ஒரு ஸ்ட்ரக்ட்டுக்குள்ளோ இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் கம்பைலர் எச்சரிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், பல சமயம் எச்சரிக்காது. இன்னொன்று, உள்ளே நீங்களாக இன்னொரு ஸ்விட்ச் எழுதி அதற்குள் காத்திரு போடக் கூடாது, கேஸ் லேபிள்கள் தவறான ஸ்விட்சுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இஃப்-எல்ஸ் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படி மாற்றியதும் இன்னொன்று செய்ய முடிகிறது, எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது அதுதான். வெறும் நேரத்துக்காக மட்டுமல்லாமல், 'இது நடக்கும் வரை, ஆனால் இவ்வளவு நேரத்துக்கு மேல் வேண்டாம்' என்றும் காத்திருக்கலாம். 80 மில்லிசெகண்ட் என்பது ஒரு நம்பிக்கைதானே? ஸ்டார் காண்டாக்டரின் முனைகள் ஒட்டிப்போய்த் திறக்காமலே இருந்தால் 80 என்ன, 8000 மில்லிசெகண்ட் காத்திருந்தாலும் டெல்டா மூடும்போது ஷார்ட்தான். அந்தக் காண்டாக்டரில் ஆக்ஸிலரி காண்டாக்ட், அதாவது கூடவே அசைந்து அதன் நிலையைக் காட்டுகிற சின்ன முனை, ஒன்று இருக்கும், அதை ஓர் இன்புட்டுக்குக் கொண்டுவந்தால் நிரல் இப்படி ஆகும்:

ஸ்டார் ஆஃப்
ஸ்டார் திறக்கும் வரை காத்திரு, அதிகபட்சம் 200 மில்லிசெகண்ட்
திறக்கவில்லை என்றால் டிரிப்
80 மில்லிசெகண்ட் காத்திரு
டெல்டா ஆன்

இரண்டு வரி கூடியது, வேறு எந்த வரியும் அசையவில்லை. உங்கள் 11 ஸ்டேட் நிரலில் இதே மாற்றத்தைச் செய்து பாருங்கள், புது ஸ்டேட் ஒன்று, அதற்குள் வருகிற வழி ஒன்று, வெளியே போகிற வழி இரண்டு. எட்டு விநாடிக்கும் இதையே செய்யலாம், 'கரண்ட் இறங்கும் வரை, அதிகபட்சம் 12 விநாடி' என்று. வோல்டேஜ் குறைவாக இருக்கிற நாளில் மோட்டார் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும், அன்றைக்குச் சரியாக 8 விநாடியில் டெல்டாவுக்குத் தள்ளினால் ஸ்டாரில் மிச்சப்படுத்திய கரண்டை அங்கே கொட்டிவிடும்.

(இதைச் சொல்லாமல் விட முடியாது: எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஸ்டாருக்கும் டெல்டாவுக்கும் இடையில் ஒன்றின் என்சி முனை (சாதாரணமாக மூடியிருந்து, காண்டாக்டர் இழுத்ததும் திறக்கிற முனை) வழியாக இன்னொன்றின் காயில் போகிற ஹார்ட்வேர் இன்டர்லாக் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஸ்டாப் பட்டனும் ஓவர்லோடு ரிலேயும் கண்ட்ரோல் வயரையே வெட்ட வேண்டும், ஆர்டுயினோவிடம் போய் அனுமதி கேட்கக் கூடாது. நிரல் பார்ப்பது ஒழுங்குக்காக, பாதுகாப்பு வயரிங்கில்.)

சரி, ஸ்டாப். வரிசையாக எழுதும் முறையின் பலவீனம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், அதில் நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு காத்திருப்புக்குப் பிறகும் 'ஸ்டாப் அமுக்கினார்களா' என்று ஒரு இஃப் எழுத ஆரம்பித்தீர்கள் என்றால் கதை முடிந்தது, அது ஸ்டேட் மெஷினைவிட மோசமான கந்தலாகிவிடும். வரிசைக்கு ஸ்டாப் பற்றியே தெரியக் கூடாது. வெளியே இருக்கிற மெயின் லூப் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் ஸ்டாப், ஓவர்லோடு, பேஸ் மூன்றையும் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் வரிசையைக் கூப்பிடும். ஏதாவது ஒன்று தப்பு என்றால் மூன்று காண்டாக்டரையும் விட்டுவிட்டு, வரிசையைத் தொடக்கத்துக்குத் தள்ளிவிடும். நிற்கிறது, ஓடுகிறது, டிரிப் ஆகிவிட்டது என்று வெளியே மூன்றே ஸ்டேட், அவற்றுக்கு இடையில் உண்மையான நிகழ்வுகள். ஸ்டேட் மெஷின் பிறந்ததே இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

இதில் ஒரே ஒழுக்கம்: நடுவில் எந்த வரியில் நிறுத்தினாலும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற ஃபங்ஷன் ஒன்று, ஒரே ஒன்று, இருக்க வேண்டும். 'ஸ்டாரில் இருந்தால் ஸ்டாரை விடு, டெல்டாவில் இருந்தால் டெல்டாவை விடு' என்று அதற்குள் ஆராய்ச்சி செய்யாதீர்கள். மூன்றையும் ஆஃப் செய்யுங்கள், ஏற்கெனவே ஆஃபில் இருப்பதை ஆஃப் செய்வதால் நஷ்டம் இல்லை. வரிசைக்கு நடுவில் கையில் எடுத்து வைத்துக்கொள்கிற பொருள் எதுவாக இருந்தாலும், திறந்த ஃபைல், பூட்டிய லாக், ஆன் செய்த ரிலே எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான்: இந்த இடத்தில் வெட்டினால் அதை யார் விடுவிப்பார்கள்?

உங்கள் நிரலில் டிரை ரன் பாதுகாப்பும், அதாவது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடாமல் பார்த்துக்கொள்வதும், இருக்கிறது என்கிறீர்கள். 11 ஸ்டேட் எங்கிருந்து வந்தது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. மோட்டார் ஓடத் தொடங்கி 30 விநாடி வரை கரண்ட் குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் மேலே ஏறி வர நேரம் வேண்டும். அதற்குப் பிறகு 5 விநாடி தொடர்ந்து குறைவாக இருந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கிணறு ஊறியிருக்கும் என்று மறுபடி பார்க்க வேண்டும். இது ஸ்டார்-டெல்டாவோடு சம்பந்தமில்லாத இன்னொரு வரிசை, அதன் போக்கில் ஓடுவது. இரண்டையும் ஒரே ஸ்டேட் மெஷினுக்குள் அடைத்தால் ஸ்டேட்டுகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. இங்கே நான்கு, அங்கே மூன்று என்றால் மோசமான நிலையில் பன்னிரண்டு. வரிசை முறையில் இரண்டு புரோட்டோத்ரெட், மெயின் லூப் இரண்டையும் மாறி மாறிக் கூப்பிடும், அவ்வளவுதான். கரண்ட் போய் வந்ததும் ஒரே லைனில் இருக்கிற எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பாமல் இருக்க ஆன்-டிலே வைப்பீர்கள் இல்லையா, அது மூன்றாவது வரிசை இல்லை, முதல் வரிசையின் முதல் வரி.

இவ்வளவும் வேண்டாம், இன்னும் எளிதாக ஏதாவது என்றால் அட்டவணை முறை இருக்கிறது. '0இல் ஸ்டார் ஆன், 200இல் மெயின் ஆன், 8200இல் ஸ்டார் ஆஃப், 8280இல் டெல்டா ஆன்' என்று நேரமும் செயலுமாக ஓர் அர்ரே, ஒரு சின்ன லூப் நேரத்தைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைச் செய்துகொண்டே போகும். பழைய வாஷிங் மெஷினில் டைமர் குமிழுக்குப் பின்னால் மெல்லச் சுழன்ற கேம் (மேடு பள்ளம் வெட்டிய சக்கரம்) இதே வேலையைத்தான் செய்தது. அலங்கார விளக்குகள், இசை நீரூற்று, அறிவிப்புப் பலகை போன்றவற்றுக்கு இது அருமையான முறை, நேரத்தை மாற்ற நிரலைத் தொடவே வேண்டாம். ஆனால் 'இது நடக்கும் வரை காத்திரு' என்று ஒன்று வந்ததுமே அட்டவணை தடுமாறும். அதை அட்டவணைக்குள் திணிக்க ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் நீங்களே ஒரு குட்டி மொழி எழுதிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் ஸ்டார்ட்டருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பிஎல்சி, அதாவது தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டுகிற கண்ட்ரோலர்கள், உலகத்தில் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். பிரான்சில் 1970களில் வந்த கிராஃப்செட் வரைபடம்தான் பின்னால் ஐஇசி 61131-3 தரத்தில் சீக்வென்ஷியல் ஃபங்ஷன் சார்ட் என்று சேர்ந்தது. ஒரு படி, அதிலிருந்து வெளியேற ஒரு நிபந்தனை, அடுத்த படி. பக்கவாட்டில் ஒரே நேரத்தில் ஓடுகிற கிளைகளும் உண்டு. தொழிற்சாலையில் அதை வரைபவர்கள் பொதுவாக இன்டர்லாக்கை அதற்குள் போட மாட்டார்கள், லேடரில் (ரிலே வயரிங் போல வரைகிற இன்னொரு பிஎல்சி மொழி) தனியாகத்தான் வைப்பார்கள். உங்களுக்கு நான் சொல்கிற பிரிவினை அங்கிருந்து வந்ததுதான்.

ஈஎஸ்பி32 மாதிரி பெரிய சிப்புக்குப் போனால் ஃப்ரீஆர்டாஸ் என்கிற சின்ன ஆபரேட்டிங் சிஸ்டம் கூடவே வருகிறது. அதில் ஒரு டாஸ்க்குக்குள் நேரடியாகவே காத்திருக்கலாம், மற்ற டாஸ்க்குகள் ஓடிக்கொண்டிருக்கும், லோக்கல் வேரியபிளும் போகாது. வசதிதான், ஆனால் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனி ஸ்டாக் ஒதுக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, நடுவில் இருக்கிற டாஸ்க்கை வெளியிலிருந்து டிலீட் செய்வது நல்லதில்லை. அது ஒரு மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் டிலீட் செய்தால் அந்தப் பூட்டு பூட்டியபடியே கிடக்கும். நோட்டிஃபிகேஷன் அனுப்பி அதையே முடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரு சின்ன ஸ்டார்ட்டருக்கு நான் இன்னும் புரோட்டோத்ரெட்டையே தேர்ந்தெடுப்பேன், எல்லாம் ஒரே லூப்பில் ஓடுவதால் எந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று கை வைத்துக் காட்ட முடிகிறது.

கேம், வெப் பக்கம் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் இதே கதைதான். யூனிட்டியில் யீல்ட் போட்டு விநாடிக் கணக்கில் காத்திருப்பது, பைத்தானில், ஜாவாஸ்கிரிப்டில் அசிங்க்-அவெய்ட், கோட்லினில் டிலே, எல்லாம் வரிசையை வரிசையாக எழுதத்தான். வித்தியாசம் நிறுத்தும்போதுதான் தெரியும். பைத்தான் அசிங்க்ஐஓவில் டாஸ்க்கை ரத்து செய்தால் காத்திருக்கிற இடத்திலேயே ஓர் எக்ஸெப்ஷன் எழும், ஃபைனலி பிளாக் ஓடும், அங்கே சுத்தம் செய்துகொள்ளலாம். ஜாவாஸ்கிரிப்ட் பிராமிஸை அப்படி வெளியிலிருந்து ரத்து செய்ய வழியில்லை, அபார்ட் சிக்னலை நீங்களே உள்ளே வரை கொண்டுபோக வேண்டும். யூனிட்டியில் கேம் ஆப்ஜெக்டை இன்ஆக்டிவ் செய்தால் அதில் ஓடுகிற கோரூட்டீன்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும், திரும்ப ஆக்டிவ் செய்தாலும் தொடராது; ஸ்கிரிப்டை மட்டும் டிசேபிள் செய்தால் நிற்கவே நிற்காது. ஒரு மொழியின் கோரூட்டீனை எடை போட வேண்டும் என்றால் காத்திரு எவ்வளவு அழகாக எழுதலாம் என்று பார்க்காதீர்கள், நடுவில் வெட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

எங்கே ஸ்டேட் மெஷினை விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நிகழ்வு வெவ்வேறு நிலையில் வெவ்வேறு அர்த்தம் தருகிற இடங்கள்: லிஃப்ட், சீரியலில் வருகிற பாக்கெட்டைப் பிரிப்பது, ஒரே பட்டனில் மெனு முழுக்க நகர்த்துவது. இங்கே முன்பின் என்ற வரிசையே இல்லை, வலைதான் இருக்கிறது. அதை வரிசையாக எழுதப் பார்த்தால் அங்கிங்கே குதிக்கிற கோடூ (goto) எழுத வேண்டி வரும். அடுத்தது, கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டிய வேலைகள். ஸ்டேட் எண் என்றால் கரண்ட் போனாலும் அழியாத இஇபிராம் நினைவகத்தில் ஒரு பைட்டாக எழுதி வைத்துவிடலாம், வாடிக்கையாளர் ஆர்டர் என்றால் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு நெடுவரிசை. பாதியில் நிற்கிற கோரூட்டீனைப் பொதுவாக அப்படி எழுதி வைக்க முடியாது. புரோட்டோத்ரெட் வைத்திருப்பது வரி எண் என்பதால் அதைச் சேமிக்கலாமே என்று தோன்றும், தோன்றினாலும் செய்யாதீர்கள், அடுத்த முறை கம்பைல் செய்யும்போது அந்த வரியில் வேறு ஏதாவது இருக்கும். உங்கள் ஸ்டார்ட்டருக்கு இந்தச் சிக்கலே கிடையாது, கரண்ட் வந்தால் மோட்டார் எப்படியும் முதலிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

நேரக் கணக்கில் இரண்டு விஷயம். போர்டு ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்கிற மில்லிஸ்() 32 பிட் எண், 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பித் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும். மாதக்கணக்கில் ஆஃப் ஆகாத ஸ்டார்ட்டரில் அது கண்டிப்பாக ஒரு நாள் நடக்கும். 'இப்போதைய நேரம் கழித்தல் தொடக்க நேரம், இடைவெளிக்குச் சமமா அதிகமா' என்று எழுதினால் ஒன்றும் ஆகாது, கழித்தல் தானே சரியாகிக்கொள்ளும். 'தொடக்கம் கூட்டல் இடைவெளி, இப்போதைய நேரத்தைவிடக் குறைவா' என்று எழுதியிருந்தால் அந்த நாளில் ஒரு காத்திருப்பு உடனே முடியும், அல்லது நாள்கணக்கில் நீளும். வேரியபிளை அன்சைன்ட் லாங் என்று அறிவித்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், இந்த ஊனோவில் இன்ட் 16 பிட்தான், 32 விநாடியைத் தாண்டாது. இன்னொன்று, ஒவ்வொரு காத்திருப்பும் முந்தையது முடிந்த இடத்திலிருந்து எண்ணினால் சின்னச் சின்னத் தாமதங்கள் சேர்ந்துகொண்டே போகும். மோட்டாருக்கு அதுதான் சரி, ஸ்டார் உண்மையில் திறந்ததிலிருந்துதான் 80 மில்லிசெகண்ட் எண்ண வேண்டும். இசையோடு ஓடுகிற விளக்குக்கு அது தப்பு, அங்கே தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும்.

மாற்றி எழுதும்போது மில்லிஸை நேரடியாக எல்லா இடத்திலும் கூப்பிடாமல் ஒரே ஃபங்ஷன் வழியாக வாங்குங்கள். அப்புறம் அதே வரிசையைக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, கடிகாரத்தை நீங்களே ஒரு மில்லிசெகண்டாக நகர்த்தி, அரை மணி நேர டிரை ரன் காத்திருப்பைக் கண் இமைப்பதற்குள் ஓட்டிப் பார்க்கலாம். நான் முதலில் எழுதுகிற சோதனை எப்போதும் இதுதான்: வரிசையின் ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் ஒரு முறை ஸ்டாப் அமுக்கு, அமுக்கிய பிறகு எந்த அவுட்புட்டாவது ஆனில் இருக்கிறதா பார், எந்தக் கணத்திலாவது ஸ்டாரும் டெல்டாவும் சேர்ந்து ஆனில் இருந்ததா பார். எட்டாயிரத்துச் சொச்சம் முறை ஓடும், அதிகம் போனால் சில விநாடி ஆகும். அது தேறியதும் ரிலே போர்டில் காண்டாக்டர் காயிலுக்குப் பதில் மூன்று இண்டிகேட்டர் விளக்கை மாட்டி ஸ்டார்ட், ஸ்டாப், பேஸ் ஃபியூஸைக் கழற்றுவது எல்லாம் செய்து பாருங்கள், அதுவும் தேறிய பிறகு மோட்டார் லீடைக் கழற்றி வைத்துவிட்டுக் காண்டாக்டரோடு ஒரு முறை. மோட்டாரை இணைப்பது அதற்கு அப்புறம்.